பணம் அந்தப் பக்கம், பெட்ரோல் இந்தப் பக்கம்

டீச்சருடைய அந்த வருடத்தை ஒரு புதன்கிழமையில் வைத்து இரண்டாக வெட்டினார்கள்.

வெட்டிய பெண்ணுக்கு டீச்சரைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேசை முழுக்கத் தேடுகிற ரகம். திவால் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்கள் மட்டும் தெரிகிற அறையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வெள்ளைத்தாளில் நீளமாகக் கோடு இழுத்தாள். பாதிக்குச் சற்று முன்னால் குறுக்கே இன்னொரு கோடு.

"இது உங்க வருஷம். இந்தக் குறுக்குக் கோடு, நீங்க திவாலான புதன்கிழமை. இதுக்கு அந்தப் பக்கம் என்ன கடன் இருந்தாலும் எங்க பெட்டிக்குள்ள போயிடும், நீங்க கட்ட வேண்டாம். பேங்க், வண்டிக் கம்பெனி, கைமாத்து, எல்லாம்."

"வருமான வரி?"

"அந்தப் பக்கத்து வரியும் பெட்டிலதான். பழைய ரெண்டு வருஷ பாக்கி, இந்த வருஷத்துல புதன்கிழமை வரைக்கும் சம்பாதிச்சதுக்கு உள்ள வரி, ரெண்டும். அவங்களும் மத்தவங்களோட வரிசையில நிக்க வேண்டியதுதான்."

சர்க்கார் வரிசையில் நிற்கும் என்பதை டீச்சரால் நம்ப முடியவில்லை. அவள் பார்த்த சர்க்கார் அடுத்தவரை வரிசையில் நிறுத்துவது.

"அப்ப இந்தப் பக்கம், மேடம்?"

"இந்தப் பக்கத்துக்குப் பெட்டி கிடையாது. வியாழக்கிழமையிலிருந்து நீங்க சம்பாதிக்கிற ஒவ்வொரு காசுக்கும் வரி உங்க தலையில. சம்பளக்காரங்கன்னா முதலாளி பிடிச்சுக் கட்டிடுவாரு. உங்களுக்கு நீங்களே முதலாளி. நீங்களேதான் பிடிக்கணும்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அந்த முதலாளியை நம்பித்தான் அவள் இந்த மாடி வரை ஏறி வந்திருக்கிறாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. மாதாமாதம் வரவு செலவு காட்ட வேண்டும். வரிப் பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். வருடம் முடிந்ததும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு வரிக் கணக்குத் தாக்கல் செய்வார்கள். இந்தப் பக்கத்து வரியை முழுதாகக் கட்டிவிட்டால் திவாலிலிருந்து விடுவிப்புச் சான்றிதழ். பாக்கி வைத்தால் வரி ஆபீஸே எழுந்து நின்று ஆட்சேபம் சொல்லும், விடுவிப்பு தள்ளிப்போகும்.

தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று டீச்சர் கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கு அவள் வைத்திருக்கும் உரிமம் அடுத்த வருடத் தொடக்கத்தில் முடிகிறது. திவாலில் கிடக்கிற ஆளுக்கு அதைப் புதுப்பிக்க மாட்டார்கள். உரிமம் இல்லாவிட்டால் ஐம்பது வயதில் திரும்பவும் பஸ் கம்பெனி ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார வேண்டியதுதான், அவர்கள் உட்கார விட்டால்.

அந்த ஜன்னலிலிருந்து வந்தவள்தான் அவள். முப்பது வயது வரை அரைவட்ட ஓட்டை வழியாக நீளும் கைகளுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள். முகம் பார்க்காமல் கைகளையே பார்த்து அலுத்துப்போய், ஒருநாள் சம்பளப் பணத்தோடு நேராகப் போய் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தாள். கற்றுக்கொடுத்த ஆள் கத்துகிற ஆள். "எருமை மாட்டுக்குக் கத்துக் குடுத்திருந்தா இந்நேரம் ரிவர்ஸ் எடுத்திருக்கும்" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்வார். அவரிடம் அவள் கற்றது இரண்டு. கார் ஓட்டுவது ஒன்று. கத்தாமலும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது இன்னொன்று.

பழைய கார் ஒன்றை வாங்கினாள். மெக்கானிக் அதன் பக்கத்து இருக்கைக்குக் கீழே இரண்டாவது பிரேக் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தான். முதலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். அவர்கள் ஓட்டுவதைப் பார்த்து ரோஷம் வந்து அவர்கள் கணவர்மார் வந்தார்கள். டிக்கெட்காரி டீச்சர் ஆனாள்.

பக்கத்து இருக்கையில் அவளுக்கு ஸ்டியரிங் கிடையாது, ஆக்சிலேட்டர் கிடையாது. ஒரே ஒரு பிரேக். இத்தனை வருடத்தில் அவளுடைய வலதுகால் தனக்கென்று ஒரு மூளையை வளர்த்துக்கொண்டது. கண் பார்ப்பதற்கு முன் கால் பார்த்துவிடும். வீட்டில் டிவியில் வண்டி வேகமாக வந்தால் கூடப் பாதம் தரையை அழுத்தும். "பாத்து அழுத்து, தரை உடைஞ்சு கீழ்வீட்டுக்காரன் தலையில விழப்போறே" என்பார் கணவர். அவர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் இயந்திரம் பார்க்கிறவர். எதையும் வெளுத்துக் கட்டிவிடலாம் என்ற நம்பிக்கை உள்ளவர்.

டீச்சரின் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பத்து வகுப்புக்கு முன்பணம். அவள் கண்டுபிடித்தது இல்லை, இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. வகுப்புக்கு வகுப்பு காசு என்று வைத்தால், நான்கு வகுப்பில் கை கொஞ்சம் பிடிபட்டதும் ஆள் காணாமல் போய்விடும். மாமா பையன் வண்டியில் மிச்சத்தைக் கற்றுக்கொள்ளும். அதனால் பணம் முன்னால் ஓடும், வண்டி பின்னால் ஓடும். முன்னால் ஓடிய பணம் வீட்டு வாடகையாகவும் டயராகவும் மாறிப் போயிருக்கும். பின்னால் ஓடுகிற வண்டிக்கு அடுத்த ஆளின் முன்பணத்தில் பெட்ரோல். வண்டி நிற்காதவரை இது ஒன்றும் தெரியாது.

அந்த ஓட்டத்தில் வருமான வரியைத்தான் அவள் நழுவவிட்டாள். சம்பளக்காரனுக்கு வரி பிடித்தால் வலிக்காது. அது கைக்கே வராத காசு. சொந்தத் தொழில்காரிக்கு அது வாயில் போட்ட கவளத்தைத் தோண்டி எடுத்துக் கொடுப்பது மாதிரி. ஒரு வருடம் அடுத்த வருடம் என்றாள். அடுத்த வருடமும் அதையே சொன்னாள்.

அப்போதுதான் தம்பி வந்து சேர்ந்தான். அவனை வீட்டில் எல்லோரும் ராக்கெட் என்பார்கள். புகை நிறைய வரும், எங்கே போய் விழுவான் என்று தெரியாது. "அக்கா, ஒரு வண்டில ஓட்டினா நீ டீச்சர். ரெண்டு வண்டில ஓட்டினா நீ ஸ்கூல்" என்றான். டீச்சர் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது வண்டி புதுசாக வந்து நின்றது. ராக்கெட் பதினைந்து வகுப்புக் காசுக்கு இருபது வகுப்பு என்று சலுகை போட்டான். கூட்டம் அள்ளியது. ஒரு வருடம் கூட ஆகவில்லை. ஒரு காலையில் புது வண்டி வீட்டு வாசலில் கோணலாக நின்றது. சாவி தபால் பெட்டிக்குள் கிடந்தது. ராக்கெட்டைக் காணோம். அவன் வாங்கிய முன்பணத்தையும் காணோம். ரசீதில் எல்லாம் டீச்சர் பெயர் இருந்தது.

இரண்டு வருடம் சமாளித்துப் பார்த்தாள். ஒரு கடனை வாங்கி இன்னொரு கடனின் வாயில் போட்டாள். கடைசியில் மஞ்சக் கடுதாசி கொடுத்தாள். புது வண்டியைச் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். பழைய வண்டியைத் தொழில் கருவி என்று விட்டுவைத்தார்கள். "கருவியாம்" என்றார் கணவர். "தச்சனுக்கு உளி மாதிரி. நல்லவேளை, என்னைய யாரும் கருவின்னு எழுதிக்கலை."

வியாழக்கிழமை முதல் டீச்சர் ஒரு புது விதி வைத்துக்கொண்டாள். முன்பணம் கிடையாது. வகுப்பு முடிந்து இறங்கும்போது காசு. கேட்டவர்களுக்கு ஆச்சரியம். தொழில்காரர்கள் இரண்டு பேர் போனில் கூப்பிட்டு, "மார்க்கெட்டைக் கெடுக்காதீங்க டீச்சர்" என்று சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் வரிப் பங்கைப் பிரித்துத் தனிக் கணக்கில் போட்டாள். அந்தக் கணக்குக்குக் கணவர் பாம்புப் புற்று என்று பெயர் வைத்தார். கை விட்டால் கொத்தும்.

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை தபால் ஆபீஸ் பஸ் நிறுத்தத்தில் ரொட்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

ரொட்டிக் கம்பெனியில் அடுக்குத் தட்டுகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கடை கடையாகப் போடுகிறவர் அவர். நாற்பதைத் தாண்டியவர். ராக்கெட்டிடம் இருபது வகுப்புக்குப் பணம் கட்டியவர். நான்கு வகுப்போடு ராக்கெட் பறந்துவிட்டான். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க டீச்சர். படிச்சேன். படிச்சதுக்கு அப்புறம்தான் புரியலை."

திவால் அலுவலகத்திலிருந்து கடன்காரர்கள் எல்லோருக்கும் போகிற கடிதம். பட்டியலில் அவரும் ஒருவர். ஏதாவது மிஞ்சினால் அதில் பங்கு வரும்.

"உங்களுக்கு நான் கடன்னு எழுதியிருக்குங்க."

"எனக்கா? பேங்க் பேரு எல்லாம் போட்டு, அதுக்குக் கீழ என் பேரா?" அவருக்கு ஒரு நிமிடம் பெருமையாகக் கூட இருந்தது போலிருந்தது. பிறகு கேட்டார், "அப்ப மிச்ச வகுப்பு?"

சட்டப்படி அவள் சொல்ல வேண்டிய பதில் அந்தக் கடிதத்திலேயே அச்சாகி இருந்தது. டீச்சர் அதை மடித்து அவர் பையிலேயே வைத்தாள். காசு வாங்கிய ஆளை வண்டியில் ஏற்றாமல் அவள் இதுவரை தெருவில் விட்டதில்லை.

"ஏறுங்க" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒருவருக்குச் செய்ததை இன்னொருவருக்கு எப்படி இல்லையென்பது? பாக்கி வகுப்பு வைத்திருந்தவர்களில் தேடி வந்தவர்களை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்றிக்கொண்டாள். ஏழெட்டுப் பேர். வராதவர்களை அவளாகப் போய்க் கூப்பிடவில்லை. கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் தொழில் ஓடுகிறதே என்று அவர் சந்தோஷமாக இருந்தார், சந்தோஷத்தைக் கலைப்பானேன்.

ரொட்டிக்காரருக்கு நேர்ச் சாலையில் ஒரு குறையும் கிடையாது. தள்ளுவண்டி தள்ளிய கை. தட்டு சரியாமல் திருப்பத் தெரியும். ரவுண்டானாதான் பிரச்சினை. உள்ளே நுழைந்துவிடுவார். வெளியே வர மாட்டார்.

"இப்ப வெளிய எடுங்க."

"பின்னாடி ஒருத்தர் வராருங்க டீச்சர்."

"அவரு தூரத்துல வராரு. எடுங்க."

"பாவம், அவரு போகட்டும்."

"ரவுண்டானாவுல பாவம் பாத்தா நாம இங்கயே குடியிருக்கணும். மூணு சுத்து சுத்தியாச்சு. கோயிலா இது?"

"நாலாவது சுத்துல எடுத்துடறேன்."

எடுத்தார். நெற்றியில் வியர்வை வழிய, ஊரையே ஜெயித்த மாதிரி அவளைத் திரும்பிப் பார்த்தார். "முன்னாடி பாருங்க" என்று அவள் பிரேக்கில் காலை அழுத்தினாள். ரொட்டிக் கம்பெனி முதலாளி ஒரு வேன் வாங்கப் போகிறார். வருடக் கடைசிக்குள் உரிமம் எடுத்தால் ஓட்டுகிற வேலை அவருக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். தள்ளுவண்டிக் கூலியைவிட ஒன்றரைப் பங்கு. தேர்வுக்கும் நாள் வாங்கிவிட்டார்.

இப்படி நாலைந்து மாதம் ஓடியபின் டீச்சர் மாதக் கணக்கோடு மூன்றாவது மாடிக்குப் போனபோது, அலுவலகப் பெண் கண்ணாடியைத் தேடவில்லை. மூக்கிலேயே இருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதீங்க."

எதையும் தப்பாக நினைக்க வேண்டாம் என்று தொடங்குகிற பேச்சு எங்கே போய் முடியும் என்பது டீச்சருக்குத் தெரியும். ராக்கெட்டும் அப்படித்தான் தொடங்குவான்.

"உங்க வண்டி ஓடின கிலோமீட்டரையும் நீங்க காட்டற வகுப்புக் காசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். பெட்ரோல் செலவு இவ்வளவு போட்டிருக்கீங்க. இதுக்கு இன்னும் கால்வாசி வருமானம் கூட வந்திருக்கணும். ஞாயித்துக்கிழமை வண்டி ஓடுது, காசு மட்டும் வரலை."

"ஆமாம் மேடம்."

"வாங்கிட்டு எழுதாம விட்டுட்டீங்களா?"

டீச்சரின் முகம் சுண்டிவிட்டது. திருடி என்று யாரும் அவளைச் சொன்னதில்லை. வங்கிக்காரன் கூடச் சொல்லவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பஸ் நிறுத்தம், மடித்த கடிதம், ஏழெட்டுப் பேர். சொல்லச் சொல்ல, இதைக் கேட்டு இந்தப் பெண் கொஞ்சம் இளகுவாள் என்று உள்ளூர ஒரு எதிர்பார்ப்பு இருந்தது.

அந்தப் பெண் இளகவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பழைய வெள்ளைத்தாளைக் கோப்பிலிருந்து எடுத்து நடுவில் வைத்தாள்.

"அவங்க காசு குடுத்தது எப்போ?"

"ரெண்டு வருஷம் முன்னாடி. தம்பி கையில."

"அப்ப அந்த வருமானம் அந்தப் பக்கம். அதுக்கு உள்ள வரியும் அந்தப் பக்கம், பெட்டிக்குள்ள. இப்ப வகுப்பு நடத்த ஊத்தின பெட்ரோல்?"

டீச்சர் கோட்டைப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம்" என்றாள் அந்தப் பெண். "பணம் அந்தப் பக்கம், பெட்ரோல் இந்தப் பக்கம். இந்தப் பக்கத்துல சம்பாதிக்கறதுக்கு ஆன செலவைத்தான் இந்தப் பக்கத்து வருமானத்துல கழிக்க முடியும். இது சம்பாதிக்காத ஓட்டம். கழிக்க முடியாது. ஞாயித்துக்கிழமைப் பெட்ரோல், டயர் தேய்மானம் எல்லாத்தையும் வெளிய எடுத்தா உங்க லாபம் கூடிடும். லாபம் கூடினா வரி கூடும்."

"சும்மா சொல்லிக் குடுத்ததுக்கு வரியா?"

"சும்மா சொல்லிக் குடுத்ததுக்கு இல்ல. சும்மா ஓடின பெட்ரோலைச் செலவுன்னு எழுதினதுக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அது கூடப் பரவாயில்லை. இவங்க எல்லாரும் பட்டியல்ல இருக்கறவங்க. சிலருக்கு மட்டும் நீங்க வகுப்பாத் திருப்பிக் குடுக்கறீங்க. உங்களைத் தேடி வராத ஒருத்தர் நாளைக்கு வந்து, அவங்களுக்கு மட்டும் எப்படின்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? விடுவிப்பு வர்ற வரைக்கும் நிறுத்துங்க. வந்தப்புறம் ஊருக்கே சும்மா சொல்லிக் குடுங்க, நான் கேக்கமாட்டேன்."

புற்றில் இருந்த பணம் போதாது. எவ்வளவு போதாது என்பதை அந்தப் பெண் தாளின் ஓரத்தில் எழுதி வட்டமிட்டாள். வருடம் முடிய இரண்டு மாதம் சொச்சம் இருந்தது.

வீட்டில் அன்று மத்தியானம் கணவர் ஈரத் துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். நாள் முழுக்க ஆஸ்பத்திரித் துணி. விடுமுறையில் சொந்தத் துணி. டீச்சர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவர் போர்வையை முறுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை வருமானம், ஞாயித்துக்கிழமை வருமானம்னு நான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டு இருந்தேனே."

"நீங்களா பீத்திக்கிட்டீங்க."

"உன் தம்பி தின்ன விருந்துக்கு நீ ஏன் இலை எடுக்கறே? சட்டமே விட்டுடுச்சு. நீ விடமாட்டேங்கற."

"ரசீதுல என் பேருங்க."

அவர் போர்வையை இன்னொரு முறுக்கு முறுக்கினார். போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டி இருவர் காலிலும் விழுந்தது. அதைக் கொடியில் விரித்துவிட்டு, "என் ஓவர்டைமை வேணா அதுல போடலாமா?" என்றார்.

"உங்க சம்பளத்தையும் மாசாமாசம் அவங்ககிட்டதான் காட்டறோம். கூட வந்தா அதுலயும் பெட்டிக்குப் பங்கு கேப்பாங்க."

"அதுவும் போச்சா. சரி, புத்துல கை விடாத பாம்பாட்டி நாம ரெண்டு பேருந்தான்."

வழி ஒன்றுதான் இருந்தது. இன்னும் சம்பாதிக்க வேண்டும். வாரநாள் காலை, மாலை எல்லாம் ஏற்கெனவே நிறைந்திருந்தன. காலியாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதுவும் இப்போதுதான் காலியாகிறது. கூடச் சம்பாதிக்கிற காசுக்கும் வரி உண்டு என்பதை அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஏணியில் ஏற ஏற ஏணியும் வளர்ந்தது. ஆனாலும் ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமையைக் காசுக்கு ஓட்டினால் வட்டமிட்ட எண்ணைத் தொட்டுவிடலாம்.

ஒவ்வொருவராகப் போன் செய்து சொன்னாள். இரண்டு பேர் பரவாயில்லை என்றார்கள். ஒரு அம்மாள், "அக்காளும் தம்பியும் ஒரே குட்டையில ஊறின மட்டைன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்று சொல்லிவிட்டு வைத்தாள். ரொட்டிக்காரருக்கு மட்டும் போன் செய்ய அவளுக்குக் கை வரவில்லை. நேரில் சொல்லலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் நிறுத்தத்தில் வண்டியை ஓரம் கட்டினாள். அவர் வழக்கம்போல முன்னிருக்கைக் கதவைத் திறந்தார். அவள் இறங்கி வருவதைப் பார்த்ததும் திறந்த கதவைப் பிடித்தபடி நின்றார்.

அவள் கோட்டைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பக்கம், இந்தப் பக்கம், பெட்ரோல். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார், ரவுண்டானா விதிகளைக் கேட்பது போல.

"நான் வேணா இப்ப காசு குடுத்துடட்டுமா டீச்சர்? வகுப்புக்கு வகுப்பு. ரசீது போட்டுக்கோங்க."

"ஒரே வகுப்புக்கு ரெண்டு தடவை காசா? உங்ககிட்டயா?" என்றவள், அவரிடம் அவ்வளவு காசு இல்லை என்பது தெரிந்தே அப்படிக் கேட்டோம் என்று உடனே உணர்ந்தாள். அவர் சட்டைப் பையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"விடுவிப்பு வந்ததும் முதல் வகுப்பு உங்களுக்குத்தாங்க. ரெண்டு மூணு மாசந்தான். தேர்வைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்க முடியுமா?"

"நான் காத்திருப்பேன் டீச்சர். முதலாளி காத்திருக்க மாட்டாரு. ரொட்டி காலையில போகணுமே." பிறகு, அவளை ஆறுதல்படுத்துகிறவர் போல, "நாலாவது சுத்துல எடுத்துடறேன் இப்பல்லாம். மூணுன்னு கூடச் சொல்லலாம்" என்றார்.

கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். அப்படித்தான் சாத்த வேண்டும் என்று அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அந்த நேரத்தை ஒரு கல்லூரிப் பெண் எடுத்துக்கொண்டாள். கெட்டிக்காரி. ரவுண்டானாவுக்குள் நுழைவதும் வெளியேறுவதும் அவளுக்கு ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி. வகுப்பு முடிந்ததும் காசை எண்ணி வைத்து, "தேங்க்யூ டீச்சர்" என்று இறங்கிப் போய்விடுவாள். டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளை வரிசையாக விற்றாள். தேர்வு நாளன்று ரொட்டிக்காரர் யார் வண்டியில் போனார், போனாரா என்பது அவளுக்குத் தெரியாது. அன்று அவளுக்கு மூன்று வகுப்பு இருந்தது.

வருடம் முடிந்தது. மூன்றாவது மாடியில் இரண்டு கணக்குகளும் தயாராக இருந்தன. அந்தப் பக்கத்துக் கணக்கில் கையெழுத்து மட்டும். இந்தப் பக்கத்துக் கணக்கில் அலுவலகப் பெண் ஒரு கட்டத்தைக் காட்டினாள். வண்டி ஓடிய மொத்தத் தூரத்தில் தொழிலுக்கு எவ்வளவு, சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு என்று பிரிக்கிற கட்டம்.

"அந்த ஞாயித்துக்கிழமைங்க எல்லாத்தையும் சொந்த உபயோகத்துல போட்டிருக்கேன். சரிதானே?"

"நான் எங்கயும் போகலையே மேடம்."

"போனீங்கன்னுதான் எழுதணும். இல்லேன்னா வேற எங்க எழுதறது?"

டீச்சர் கையெழுத்துப் போட்டாள். புற்றைக் கவிழ்த்து வரியை முழுதாகக் கட்டினாள். அடுத்த மாதம் சான்றிதழ் வந்தது. கணவர் அதைப் படித்துவிட்டு, இஸ்திரி போட்ட துணியைப் போல ஓரம் பிசகாமல் மடித்து வைத்தார். உரிமத்தைப் புதுப்பித்தாயிற்று. புது உரிமத்தில் அவளுடைய படம் திருடி போல் இருந்தது. ஆனால் எல்லோருடைய படமும் அப்படித்தான் இருக்கும்.

அன்றே ரொட்டிக்காரருக்குப் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை வாங்க. ஏழு மணி. பழைய இடம்."

மறுமுனையில் தட்டுகள் இடிபடுகிற சத்தம் கேட்டது.

"எதுக்குங்க டீச்சர்?"

"உங்களுக்குப் பாக்கி இருக்கே."

"அது தீந்துபோச்சுங்களே. ஆபீஸ்லேருந்து லெட்டர் வந்துச்சு, கூடவே காசும் வந்துச்சு. ரெண்டு ரொட்டி வாங்கலாம், எங்க கம்பெனி விலைக்குன்னா மூணு." அவர் சிரித்தார். குத்தலாகச் சிரிக்கவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "கணக்கு முடிஞ்சுதுன்னு எழுதியிருக்கு டீச்சர். இந்தத் தடவை படிச்சதும் புரிஞ்சுடுச்சு."

"சரி, வேன்?"

"வேன் வந்துடுச்சுங்க. பையன் ஒருத்தன் ஓட்டறான். நான் ஏத்தி இறக்கறேன். சரி, தட்டு காத்திருக்கு, வைக்கட்டுங்களா?"

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி திரும்பவும் கல்லூரிப் பெண்ணுக்கே போனது. தேர்வுக்கு முந்தைய கடைசி வகுப்பு; சொல்லிக்கொடுக்க ஒன்றும் பாக்கி இல்லை. தெரு காலியாக இருந்தது. பெண் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டினாள். "ரெண்டு கை" என்றாள் டீச்சர். பெண் இரண்டாவது கையை வைத்தாள்.

ரவுண்டானாவில் நுழைந்தபோது எதிர்ப்பக்கம் ரொட்டி வேன் நுழைந்தது. தூரத்தில்தான். நடுவில் புல்லும் ஒரு விளக்குக் கம்பமும். பக்கத்து இருக்கையில் ரொட்டிக்காரர் மடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டுகிற பையனிடம் எதையோ கைகாட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் வண்டியின் கூரைமேல் இருந்த பயிற்சிப் பலகையைப் பார்த்ததும் கைகாட்டுவதை நிறுத்தி, அந்தக் கையைப் பாதி தூக்கினார்.

வண்டி நடு வளைவில் முட்டிக்கொண்டது போல் நின்றது. பெண்ணின் நெற்றி ஸ்டியரிங்கைத் தொட்டுத் திரும்பியது. இன்ஜின் அணைந்தது.

"டீச்சர்! என்ன டீச்சர்? நான் என்ன தப்பு பண்ணேன்?"

டீச்சர் கீழே பார்த்தாள். கால் பிரேக்கில் இருந்தது, முழுதாக, கட்டைவிரல் வரை அழுந்தி. எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். வேன் சுற்றி முடித்து வெளியேறும் வழியில் போய்விட்டது. பையன் முதல் சுற்றிலேயே எடுத்துவிட்டான்.

"நீ ஒண்ணும் பண்ணலை."

"பின்ன ஏன் பிரேக் போட்டீங்க?"

பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. இன்னொன்றும்.

"ஸ்டார்ட் பண்ணு" என்றாள் டீச்சர்.

"நீங்க காலை எடுத்தாத்தானே டீச்சர் போக முடியும்?"